கருகிய சாப்ஸும் நெவிலின் குடலும்

ஜனவரி 12, சனி

கிளப்பில் மதியச் சாப்பாடு. அடுப்பு இன்று என் பேச்சைக் கேட்டது. கொழுப்பு சொட்டச் சொட்ட நெருப்பு எம்பி வந்து ஆட்டுக்கறி சாப்ஸை நக்கியது. ஓரமெல்லாம் நல்ல கறுப்பு. உள்ளே எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். வாய் மெல்லுவதிலேயே இருக்கும்.

அடிலெய்டுக்குத் தள்ளிக் கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஊரில் அறுபது தாண்டியவர்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு புல்தரையில் பந்து உருட்டுகிறோம். ஜெயித்தவர்களின் பெயர் கிளப் சுவரில் பொன்னெழுத்தில் இருக்கிறது. என் பெயர் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அந்தப் பொன்னெழுத்துக்காரர்கள் அத்தனை பேரும் சனிக்கிழமை மதியம் தட்டை ஏந்திக்கொண்டு என் முன்னால்தான் நிற்கிறார்கள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு இதற்கு மேல் என்ன பதவி வேண்டும்?

நெவில் வழக்கம்போல வரிசையில் நிற்காமல் அடுப்புக்குப் பின்பக்கமாக வந்தான். பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதன் என்ற சலுகை. “டேய் க்ளெம், அந்த மூலைல கருகிக் கிடக்குதே, அது எனக்கு. இவனுங்களுக்கு அதோட அருமை தெரியாது.”

அவன் மனைவி கோரல் தட்டை எட்டிப் பார்த்தாள். “இத ரயில் எஞ்சின்ல போட்டா அடிலெய்ட் வரைக்கும் போயிரலாம்” என்றாள்.

பெண்கள் அந்தப் பக்கம் சாலட் மேசையில் இருக்க வேண்டியவர்கள். ஏன் இந்தப் பக்கம் வருகிறார்களோ.

ஜனவரி 15, செவ்வாய்

எங்களுக்கு ஜனவரிதான் கோடை; வெயில் தாங்கவில்லை. சட்டையில் புகை நாற்றம் என்று வெர்னா அதை இன்னும் கொல்லைப்புறக் கொடியிலேயே போட்டு வைத்திருக்கிறாள். அருமையான மணம். மனைவிக்குத் தெரியவில்லை.

ஜனவரி 26, சனி

இந்த நாட்டின் தேசிய நாள். பெரிய கூட்டம். கடற்கரையிலிருந்தெல்லாம் ஆட்கள் மணத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

நெவில் ஒரே ஒரு துண்டு எடுத்தான். அதிலும் பாதியை நாய்க்குப் போட்டான். “என்னடா, வயசாயிருச்சா? பல் செட்ட வீட்டுலயே வச்சுட்டு வந்தியா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

பிப்ரவரி 6, புதன்

நெவிலுக்குப் பெருங்குடலில் கட்டி. அடிலெய்டில் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். புற்றுநோய்தான்.

தொலைபேசியில் அவனே சொன்னான், நண்டு வலை கிழிந்துவிட்டது என்று சொல்கிற குரலில். “ரத்தம் போயிட்டு இருந்துச்சுடா. மூலம்னு நெனச்சேன்.” எவ்வளவு நாளாக என்று கேட்டேன். “போன ஜூலை மழைக்காலத்துல இருந்து” என்றான்.

இப்போது கோடை முடியப்போகிறது.

பிப்ரவரி 9, சனி

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் மண்டைக்குள்ளேயே ஓடும்.

நெவில் இல்லாமல் கோரல் மட்டும் கிளப்புக்கு வந்தாள். ஆறுதல் சொல்ல எல்லோரும் போனார்கள். நானும் இடுக்கியோடு போனேன். கையில் இருந்ததைக் கீழே வைக்க மறந்துவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, இடுக்கியைத்தான் பார்த்தாள்.

“போதும் க்ளெம். நீ எதுவும் சொல்லாத. டாக்டருக்காகக் காத்திருக்கும்போது அங்க கெடந்த பத்திரிகைல படிச்சேன். கறியக் கருக்கினா புத்துநோய் வருமாம். சனிக்கிழமை சனிக்கிழமை என் புருஷனுக்குக் கரியா ஊட்டினியே, இப்ப திருப்தியா?”

“கோரல், நான் வந்து…”

“கருகினத எடுத்து ஒளிச்சு வச்சுக் குடுப்பியே! தங்கக்கட்டி மாதிரி!”

அடுப்பில் சாப்ஸ் சீறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்கு இவ்வளவு கேட்டதே இல்லை. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக, ஏதோ நினைவுக்கு வந்ததுபோல, சாலட் மேசைப் பக்கம் நகர்ந்தார்கள். முன்னாள் தபால்காரர் மட்டும் நின்றார். அவருக்குக் காது மந்தம்.

பிப்ரவரி 10, ஞாயிறு

நானா? நான் எப்படி?

அவன்தானே கேட்டு வாங்கினான். நான் வாயில் திணித்தேனா? திணிக்கவில்லை. ஆனால் எடுத்து வைத்தேன். எடுத்து வைப்பது வேறு, திணிப்பது வேறு — வேறுதானே?

வெர்னா நூலகத்தில் வேலை பார்க்கிறாள். காதில் ஒரு விஷயம் விழுந்தால் அதை முழுக்கத் தோண்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது. காலையிலேயே கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

“கோரல் முழுசா தப்பாச் சொல்லல க்ளெம். ரொம்பச் சூட்டுல வாட்டினா ரெண்டு தினுசா ரசாயனம் வருதாம். ஒண்ணு கறிக்குள்ளயே உண்டாகுது. இன்னொண்ணு, கொழுப்பு நெருப்புல சொட்டுதில்ல, அந்தப் புகை திரும்பி மேல வந்து கறியிலயே ஒட்டிக்குது.”

“யாரு கண்டா?”

“எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க. எலிக்குப் புத்துநோய் வந்திருக்கு.”

“எவ்வளவு குடுத்தாங்க?”

“மனுஷன் சாப்பிடறத விட ஆயிரக்கணக்கான மடங்கு.”

“அவ்வளவு குடுத்தா எலி கேரட் தின்னாக்கூடச் சாகும்!”

“கத்தாத. மனுஷங்ககிட்ட அடிச்சுச் சொல்ல முடியலன்னுதான் போட்டிருக்கு. சில ஆராய்ச்சி ஆமாங்குது, சிலது இல்லங்குது. ஆனா கொறைச்சுக்கறது நல்லதுங்கறாங்க.”

ஆனா. இந்த ஒரு ‘ஆனா’வை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி நிம்மதியாக இருப்பது? ஆமாம் என்றால் தலையில் அடித்துக்கொண்டு அழலாம். இல்லை என்றால் கோரல் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள், படித்தவர்கள்.

பிப்ரவரி 21, வியாழன்

கிளப் நிர்வாகக் கூட்டம். என் அடுப்புக்காகவே கூட்டியது.

தலைவர் கோலின் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் துக்கத்துக்கும் அவரிடம் ஒரே மருந்து: துணைக்குழு. ‘பாதுகாப்பான வாட்டல் துணைக்குழு’ அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவர் கோலின். உறுப்பினர்களில் நான் இல்லை. நான், அவர் சொன்னபடி, “விசாரணைக்கு உரிய தரப்பு.”

அதற்குப் பிறகு நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பின்னால் நானே நம்ப மாட்டேன்.

ஒருவர் கறியை முதல் நாளே பீரில் ஊறவைத்தால் விஷம் முறியும் என்றார். எதிர்த்தவர் யாரும் இல்லை. இன்னொருவர் ரோஸ்மேரி இலை என்றார். மூன்றாமவர், அடுப்பே வேண்டாம், பன்றி இறைச்சியைப் பதப்படுத்தி ஆறிய துண்டுகளாகப் போடலாம் என்றார். வெர்னா கை தூக்கி, பதப்படுத்திய இறைச்சிக்கும் புற்றுநோய்க்கும்தான் சந்தேகமே இல்லாத தொடர்பு என்று சொன்னாள். அது குறிப்பில் ஏறவில்லை.

முன்னாள் தபால்காரர் எழுந்து, “அடுப்புப் புகை நம்ம உள்ள போறத நெனச்சாலே பகீருங்குது” என்று சொல்லிவிட்டு, சிகரெட் பிடிக்க வெளியே போனார். ஜன்னல் திறந்திருந்தது. புகை எங்கள் மேல்தான் வந்தது. இன்னொரு மகானுபாவர், மூன்றாவது வைனை ஊற்றிக்கொண்டே, இந்தக் காலத்தில் உடம்புக்கு எதை உள்ளே விடுவது என்றே தெரியவில்லை என்று வருத்தப்பட்டார்.

முடிவு: அடுப்புக்குப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. ‘இங்கே உண்பவர்கள் தங்கள் சொந்தப் பொறுப்பில் உண்கிறார்கள்.’

கோலின் என் தோளில் தட்டி, “உன்ன யாரும் குத்தம் சொல்லல க்ளெம்” என்றார். சொல்லாதவர் பலகை எதற்கு வைக்கிறார்?

மார்ச் 1, வெள்ளி

திங்கட்கிழமை நெவிலுக்கு அறுவை சிகிச்சை. நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. தினமும் வண்டியை அவன் தெருமுனை வரை ஓட்டிக்கொண்டு போய், பால் வாங்க வந்தவன் மாதிரி வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். வீட்டில் பால் வைக்க இடமில்லை.

மத்தியானம் அவனே கூப்பிட்டான்.

“ஏன்டா வரல?”

“கோரல் இருக்காளே…”

“அவ என் பொண்டாட்டிடா. போலீஸ் இல்ல. ஞாயித்துக்கிழமை வா. வரும்போது அந்தச் சின்ன அடுப்பையும் எடுத்துட்டு வா.”

மார்ச் 3, ஞாயிறு

போனேன். அடுப்பைக் கொண்டுபோகவில்லை. ஆரஞ்சுப் பழம் கொண்டுபோனேன். நெவில் பையைத் திறந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான் — செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை.

“ஆரஞ்சா? உனக்கு என்னடா ஆச்சு?”

“உனக்கு ஆகாதுடா.”

“சாகப்போறவன் ஒரு சாப்ஸ் கேக்குறேன்.”

“நீ சாகப்போறதில்ல.”

“அப்ப சாப்பிட்டா என்ன?”

இதற்கு வெர்னாவின் கணினியிலும் பதில் இருக்காது. தவிர, அறுவைக்கு முந்தின நாள் அவன் தண்ணீரும் தெளிந்த சூப்பும் தவிர எதுவும் சாப்பிடக்கூடாதாம். தெரிந்துதான் கேட்டான். என்னைச் சீண்டிப் பார்க்க.

கிளம்பும்போது தோட்டக் கதவு வரை வந்தான். மெலிந்திருந்தான். பெல்ட்டில் புதிதாக ஓர் ஓட்டை போட்டிருந்தான், ஆணியால் போட்டதுபோலக் கோணல். “டேய்” என்றான். “கோரல் சொன்னத மனசுல வச்சுக்காத.” நான் வைத்துக்கொள்ளவில்லை என்றேன். இரண்டு பேரும் அந்தப் பொய்யை மரியாதையாக விட்டுவிட்டோம்.

மார்ச் 4, திங்கள்

முடிந்தது. பிழைத்துக்கொண்டான். வெர்னா சமையலறையில் தேம்பினாள். நான் காரைக் கழுவினேன். சுத்தமாகத்தான் இருந்தது, கழுவினேன்.

மார்ச் 9, சனி

கிளப்புக்குப் போகாமல் அடிலெய்ட் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெவில் குழாய்களுக்கு நடுவே படுத்துக்கொண்டு, ஜெல்லி சாப்பிடச் சொல்கிறார்கள் என்று புலம்பிக்கொண்டிருந்தான். கோரல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

அறுவை செய்த டாக்டர் வந்தார். எலெனி பபாஸ். குள்ளமான பெண்மணி, குரலில் மட்டும் ஆறடி. பார்த்துவிட்டு வெளியே போனவரின் பின்னாலேயே ஓடினேன். நடைவழியில் நிறுத்திக் கேட்டுவிட்டேன்.

“டாக்டர், என் கறியாலயா?”

“எந்தக் கறி?”

எல்லாவற்றையும் கொட்டினேன். சனிக்கிழமை, கருகல், எலி, பலகை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பின்னால் கோரல் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

“ஒருத்தரோட புற்றுநோயப் பாத்து, இது இன்ன தட்டுல இருந்துதான் வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. அதுக்காக உங்க அடுப்புக்கு நான் நற்சான்றிதழ் குடுக்குறேன்னு நெனச்சுக்காதீங்க. கருக்காம சமைங்க, சிவப்புக் கறியக் கொறைங்க. அது நல்லதுதான். ஆனா அவரோட அப்பாவும் இதே வியாதியிலதான் போனார். நெவில் காலமெல்லாம் சிகரெட் புடிச்சிருக்கார். பீரப் பத்தி நான் சொல்லவே வேண்டாம். எல்லாத்துக்கும் மேல, அம்பது வயசுல இருந்து அரசாங்கம் எல்லார் வீட்டுக்கும் மலச் சோதனைப் பெட்டி இலவசமா அனுப்புது. அத ஒரு தடவை பண்ணியிருந்தாக்கூட, இது சின்ன மொட்டா இருக்கும்போதே கிள்ளிப் போட்டிருப்பேன்.”

கோரல் பின்னாலிருந்து சொன்னாள்: “அந்தப் பெட்டில வர்ற ரெண்டு குட்டிக் குப்பி இருக்குல்ல டாக்டர். அதுலதான் அவரு தூண்டில் முள்ளு போட்டு வச்சிருக்காரு. மூடி நல்லா இறுக்கமா இருக்காம்.”

டாக்டர் ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீங்க பண்ணிட்டீங்களா?”

“பார்க்கிங் நேரம் முடியப்போகுது டாக்டர்” என்றேன்.

மார்ச் 23, சனி

சீர்திருத்தம். இனி என் அடுப்பைப் பற்றி ஒரு நாக்கு அசையக்கூடாது.

சாப்ஸை முதலில் மைக்ரோவேவில் அரை வேக்காடு. எலுமிச்சை, பூண்டு, ரோஸ்மேரியில் ஊறல். கொழுப்பை எல்லாம் வெட்டி எறிந்தாயிற்று. நெருப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு. இதயத்துடிப்பு பார்ப்பதுபோல நிமிடத்துக்கு ஒரு முறை புரட்டல். குத்திப் பார்க்க ஒரு வெப்பமானி. வெர்னா மேலும் ஏதோ படித்துச் சொல்ல வந்தாள். இவ்வளவு போதும், அளவோடு பண்ணு என்பதுதான் அது என்று இப்போது தோன்றுகிறது. நான் நிற்கவில்லை.

கோலின் ஒரு கடி கடித்தார். “க்ளெம், இது கறியா? இல்ல, காயத்துல வச்சு எடுத்த பஞ்சா?”

“பாதுகாப்பானது” என்றேன்.

“அது சரி. சாப்பிடறதுக்கு எதாவது இருக்கா?”

துணைக்குழு கூடி, கறி வெளுப்பாக இருப்பது குறித்துக் கவலை தெரிவித்தது.

ஏப்ரல் 6, சனி

நெவிலின் வீட்டுக்குப் போனேன். கோரல் மருந்துக்கடைக்குப் போன நேரம் பார்த்துத்தான். கீமோ தொடங்கப்போகிறார்களாம். வயிற்றில் ஒரு பை பொருத்தியிருக்கிறார்கள், குடல் ஆறும் வரை எல்லாம் அதில்தான் வரும். சட்டையைத் தூக்கிக் காட்டினான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“பேரு வச்சிருக்கேன். கோலின்.”

“ஏன்டா?”

“கூட்டத்துல உக்காந்திருக்கும்போது திடீர்னு சத்தம் போடுது. நிறுத்த முடியல. உள்ள என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாதா?”

தையல் பிரிந்துவிடும் என்று அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் சிரித்துவிட்டு, வண்டிக்குள் வந்து உட்கார்ந்து சாவியைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

மே 18, சனி

தேர்தல். ஆரம்பப் பள்ளியில் வாக்குச்சாவடி. வெளியே, பள்ளி நிதிக்காக, வழக்கம்போல சாசேஜ் அடுப்பு. வழக்கம்போல நான்.

இந்த நாட்டில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதம். ஆகவே ஊரே வந்தது. வந்த ஒவ்வொருவரும் ரொட்டித் துண்டை நீட்டினார்கள். நான் ஒவ்வொரு ரொட்டியிலும் வெந்நீரில் வேகவைத்து அடுப்பில் லேசாகக் காட்டிய வெள்ளை சாசேஜை வைத்தேன்.

முதலில் முணுமுணுப்பு. பிறகு ஒரு விவசாயி, என்னோடு கால்பந்து ஆடியவர், சாசேஜை வெயிலில் தூக்கிப் பிடித்துச் சொன்னார்: “ஓட்டுப் போடணும்னு சட்டம் இருக்கு. இதத் தின்னணும்னு சட்டம் இல்லியே?”

அந்தக் கட்சிக்காரரும் இந்தக் கட்சிக்காரரும் காலையிலிருந்து ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றவர்கள். என் சாசேஜைக் கண்டதும் ஒன்றாகி விட்டார்கள். துண்டுப்பிரசுரத்தை ஒரு கையிலும் சாசேஜை மறுகையிலும் வைத்துக்கொண்டு, “நாங்க வந்தா இத மாத்துவோம்” என்று இரண்டு பேரும் கூவினார்கள். கூட்டம் கைதட்டியது. இருவருக்கும் அன்றைக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான்.

கருக்கினால் கொலைகாரன். கருக்காவிட்டால் கோமாளி. என்னதான் செய்யச் சொல்கிறார்கள்?

“தள்ளு” என்று ஒரு குரல். கோரல்.

என் கையிலிருந்து இடுக்கியை வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். நெருப்பைக் கொஞ்சம் ஏற்றினாள். சாசேஜை நெருப்பு நாக்கு படாத பக்கமாக ஒதுக்கினாள். சும்மா உருட்டிக்கொண்டே இருந்தாள், குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிறதுபோல. பொன்னிறம். எங்கேயும் கறுப்பு இல்லை. வெளுப்பும் இல்லை. வரிசை வாயை மூடியது, பிறகு தின்னத் திறந்தது.

“எங்க கத்துக்கிட்ட?” என்றேன்.

“வீட்டுல வாரத்துல மத்த நாளெல்லாம் யாரு சமைக்கறா? நீங்க ஆம்பளைங்க சனிக்கிழமை ஒரு நாள் நெருப்பக் கண்டதும் காட்டுமிராண்டி ஆயிர்றீங்க. எங்களுக்குக் கிழங்கு வேகவைக்கற வேல.”

கொஞ்ச நேரம் கழித்து, சாசேஜைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அன்னிக்கு யாரையாவது திட்டணும் போல இருந்துச்சு க்ளெம். அவரத் திட்ட முடியல. படுத்திருக்காரு. என்னையே திட்டிக்கிட்டேன், போதல. நீ இடுக்கியோட வந்து நின்ன.”

“பரவால்ல.”

“பரவால்லன்னு சொல்லாத. கோவம் வருது.”

வெங்காயத்தை நான் வதக்கினேன். கருகவிடாமல்.

மே 19, ஞாயிறு

யார் ஜெயித்தார்கள் என்று கேட்டேன். வெர்னா சொன்னாள். மறந்துவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

குளியலறை அலமாரிக்குப் பின்னாலிருந்து வெர்னா என் சோதனைப் பெட்டியை எடுத்தாள். பெட்டிகளை. ஒன்றுக்கு மேல் இருந்தன. வரிசையாகச் சாப்பாட்டு மேசையில் அடுக்கி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தாள். சூப் ஆறிப்போனது.

“எனக்கு ஒண்ணும் இல்ல வெர்னா. நல்லா இருக்கேன்.”

“நெவிலும் அப்படித்தான் சொன்னான்.”

“நான்தான் இப்பக் கருக்கறதே இல்லையே!”

நான் சொன்ன இந்த வாக்கியம் எனக்கே கேட்டது. அரை வருடமாக ஊரில் அத்தனை பேரும் ஒரு துண்டுக் கறியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். துணைக்குழு, பலகை, வெப்பமானி, ரோஸ்மேரி. ஒருவராவது இந்தப் பெட்டியைத் திறந்தோமா? கோலினைக் கேட்டால் அதற்கும் ஒரு துணைக்குழு போடுவார்.

ஜூலை 11, வியாழன்

செய்தேன். விவரம் எழுதப் போவதில்லை. இந்த வயதில் ஒரு மனிதன் இவ்வளவு கவனமாகக் குறி பார்க்க வேண்டி வரும் என்று யாரும் எச்சரிக்கவில்லை.

அனுப்பும் வரை குப்பியைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டுமாம். எங்கே வைப்பது என்று பெரிய சண்டை. வெண்ணெய்க்குப் பக்கத்தில் கூடாது என்றாள். தயிருக்குப் பக்கத்திலும் கூடாதாம். கடைசியில் என் பீருக்கு நடுவில் வைத்தாள். குப்பி கிளம்பும் வரை எனக்குப் பீர் இல்லை. டாக்டர் எலெனிக்குத் தெரிந்தால் இதையும் மருத்துவம் என்பார்.

ஜூலை 29, திங்கள்

என் சோதனையில் ரத்தம் தென்படுகிறதாம். அது எதனாலும் இருக்கலாமாம். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

எதனாலும் இருக்கலாம். எதனாலும். சரி.

ஜூலை 30, செவ்வாய்

எனக்கு ஏன்? நான் சிகரெட் பிடித்ததில்லை. பீர் கொஞ்சம். என் அப்பா மாடு முட்டிச் செத்தார். அப்புறம் ஏன் — கறியா? அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றது நான்தானே, எல்லோரையும்விட? வெர்னாவிடம் கேட்டேன். “தெரியாது க்ளெம். யாருக்கும் தெரியாது. வா, படு” என்றாள். கோரல் மாதிரி திட்டுவதற்கு எனக்கு யாரும் அகப்படவில்லை. கோலின் இருக்கிறார், ஆனால் அது எப்போதும் உள்ளதுதான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வயிற்றைக் காலி செய்ய ஒரு மருந்து கொடுத்தார்கள். அந்த மருந்தைப் பற்றி ஒரு வாக்கியம் மட்டும்: ஊரிலுள்ள அத்தனை அரசியல்வாதிகளுக்கும் தேர்தலுக்கு முன் இதைக் கொடுக்க வேண்டும்.

வெர்னா வண்டி ஓட்டினாள். இன்று நெவிலுக்கும் அதே ஆஸ்பத்திரியில் கீமோ, அதனால் அவனும் பின் இருக்கையில். வழியெல்லாம் எனக்குப் பசி, அவனுக்கு வாந்தி. வெர்னா வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டாள்.

மயக்கம் தெளிந்தபோது டாக்டர் எலெனி கட்டிலருகே நின்றார். மொட்டுகள் இருந்தன, எடுத்தாயிற்று. ஒன்று கொஞ்சம் பெரியது, இன்னும் சில வருடம் விட்டிருந்தால் வேறு கதை ஆகியிருக்கும். இப்போது கதை இல்லை. மூன்று வருடம் கழித்து மறுபடி வர வேண்டும்.

“எதனால டாக்டர்?” என்றேன். பழக்கதோஷம்.

“வந்தீங்க இல்ல, அதனாலதான் தப்பிச்சீங்க” என்றார். நான் கேட்டது அது இல்லை. ஆனால் அவர் அதற்குத்தான் பதில் சொல்வார்.

நெவில் கையில் மருந்து ஏறிக்கொண்டிருக்க, நாற்காலியில் சாய்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். செய்தியைச் சொன்னேன். அவன் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் அந்தப் பெட்டிய வருஷக்கணக்கா…” என்று தொடங்கினான். முடிக்கவில்லை.

“தெரியும்டா.”

“நீயாவது பண்ணியே. கழுத.” என் கையைப் பிடித்துக்கொண்டான். ஊசி இல்லாத கையால். நர்ஸ் வரும் வரை விடவில்லை. நர்ஸ் வந்த பிறகும் விடவில்லை.

செப்டம்பர் 21, சனி

பந்து உருட்டும் காலம் தொடங்கியது. கிளப் பொதுக்குழு. அடுப்புப் பொறுப்பு கோரலுக்கு, போட்டியின்றி. நான்தான் முன்மொழிந்தேன். கோலின் துணைக்குழுவைக் கலைக்க மறுத்துவிட்டார், அது நன்றாக இயங்குகிறதாம். வாசலில் ஒரு கூடை நிறையச் சோதனைப் பெட்டிப் பிரசுரங்கள், வெர்னாவின் ஏற்பாடு. ஆண்கள் அதைச் சுற்றி, தூங்கும் நாயைத் தாண்டுவதுபோல நடந்தார்கள். முன்னாள் தபால்காரர் ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் செருகியதைப் பார்த்தேன். விசிறிக்கொள்ளவா, படிக்கவா, தெரியாது.

நான் சாலட் மேசையில். இது சாதாரண வேலை என்று நினைத்திருந்தேன். உருளைக்கிழங்கு சாலட் என்பது என்ன என்று இந்த ஊரில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கிழங்கை இளஞ்சூட்டிலேயே கலக்க வேண்டும். கடுகு அரைக்கரண்டிக்கு மேல் போகக்கூடாது. கோலின் வந்து உப்பு குறைவு என்றார். அவருக்கு என்ன தெரியும்?

நெவில் கோரலோடு வந்தான். தொப்பி தலையில் நிற்கவில்லை, காதில் நின்றது. கீமோவில் எது சாப்பிட்டாலும் இரும்பு ருசியாம், மாதக்கணக்காக ஒரு தட்டை முழுசாக முடித்ததில்லை. அடுத்த ஸ்கேன் நவம்பரில். அதுவரை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். என் மேசையோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சாலட்டை மெதுவாகத் தின்றான். நான் பார்க்காததுபோலப் பார்த்தேன்.

தட்டு காலியானது. அதை என் பக்கம் நகர்த்தினான்.

“டேய், இன்னும் கொஞ்சம் போடு.”

போட்டேன். பிறகு வெங்காயம் நறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். வெங்காயமெல்லாம் காலையிலேயே நறுக்கியாகிவிட்டது.